மலை வளைவில் பேச்சு ஏன் அறுகிறது?

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் மலைகளுக்கிடையே வளைந்து செல்கிறது. இத்தகைய சாலைகளில் பயணி பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துவிடுவதுண்டு. (ஓட்டுநர் பேசவே கூடாது.) ஏன் அறுகிறது?

கைபேசி நம் குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, எண்களாக்கி, ரேடியோ அலையில் ஏற்றிக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. அதோடு, அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் சிக்னலையும் ஓயாமல் அளந்து தெரிவிக்கிறது. வேறொன்று போதிய அளவு வலுவானதும், தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல, அழைப்பு அதற்கு மாற்றப்படுகிறது. சமவெளியில் பழைய சிக்னல் மெல்ல மங்கும். மாற்ற நேரம் கிடைக்கும். மலை வளைவிலோ பாறை சட்டென மறைக்கிறது. மாறச் சொல்லும் கட்டளை வந்து சேருமுன் இணைப்பே போய்விடும்.

அலைநீளமும் முக்கியம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ.; 2300 மெகாஹெர்ட்ஸில் 13 செ.மீ. நீண்ட அலை முகட்டைத் தாண்டிச் சற்றுக் கூடுதலாக வளைந்து இறங்கும். அதனால்தான், குறுகிய அலையில் வரும் இணையம் நின்ற இடத்திலும், நீண்ட அலையில் செல்லும் அழைப்பு மட்டும் சில நேரம் போகிறது.

தொப்பூர் விபத்துகளுக்குப் பேர்போன சாலை என்பதால் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழைத்துப் பாருங்கள். எட்டக்கூடிய வேறு நிறுவனக் கோபுரத்தின் வழியாகவும் அவசர அழைப்பை அனுப்பக் கைபேசி முயலும்.