பீவர்கள் கட்டிய அணை, நாம் போடாத கணக்கு

செக் குடியரசின் பிர்டி பகுதியில், முன்பு ராணுவத்தினர் வெட்டிய வடிகால்களால் வறண்ட சதுப்புநிலத்தை மீட்க 2018இல் திட்டம் தீட்டப்பட்டது. நிலப் பேச்சு, அனுமதி என ஏழாண்டுகள் கோப்புகள் நகர்ந்தன. அதற்குள் பீவர்கள் அங்கே அணைகளைக் கட்டிவிட்டன. மிச்சமான தொகை சுமார் 3 கோடி செக் கொருனா!

பீவர் நம் நீர்நாய் அன்று. எலியைப் போன்ற கொறிவிலங்கு. அது அணை கட்டுவது ஊர்நலனுக்காக அன்று, தன் வீட்டு வாசலுக்காக. கிளைகளையும் சேற்றையும் குவித்து அமைக்கும் வீட்டின் வாசல் நீருக்கடியில் இருக்கும். உள்ளே ஏறினால் உலர்ந்த அறை. நீர்மட்டம் தாழ்ந்தால் வாசல் வெளிப்பட்டு, ஓநாய்க்கு வழி திறந்துவிடும். ஆகவே ஓடையை மறித்து ஆழத்தைக் காக்கிறது. குளிர்காலத்தில் மேல்நீர் உறைந்தாலும், அடியில் சேமித்த கிளைகளைத் தின்று குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

தன்னலச் செயல் பிறர்க்கும் பயன்தருவதைப் பொருளியல் ‘புறவிளைவு’ என்கிறது. வகுப்பில் நான் தேனீயையும் பழத்தோட்டத்தையும் தாண்டியதில்லை. புறவிளைவு தீங்காகவும் அமையலாம். வயலில் நீர் புகுந்த விவசாயிக்கு இழப்பீடு தந்தே ஆகவேண்டும்.

பிர்டியில் பீவரின் உழைப்புக்கு ஒரு தொகை கிடைத்தது, அரசிடம் முன்பே ஒரு மதிப்பீடு இருந்ததால்தான். மதிப்பீடு இல்லாத ஓடைகளில் அதே உழைப்பு கணக்கேட்டில் பூஜ்யமே. அதன் தோலுக்கோ என்றும் விலை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா, ஆசியா இரண்டிலுமாக எஞ்சியவை சுமார் 1,200 பீவர்கள் மட்டுமே.