புதைக்கும் முன் ஒரு துண்டு நஞ்சுக்கொடி

திருவள்ளூர் மாவட்டத்து மேய்ச்சல் நிலங்களில் திரியும் செம்பழுப்பு ஆடுகள் ‘சென்னைச் சிவப்பு’ இனம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் இவை பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். ஐந்து மாதச் சினையில் நாலாம் மாதம் குட்டி வீசிவிட்டால், வளர்ப்பவருக்கு அந்த ஈற்றின் வருமானம் முழுக்கப் போயிற்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஓரம் மேயும் மந்தை என்றால் முதல் சந்தேகம் ஆலைக் கழிவுநீர் மீது விழும். சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் ஆய்வுக்கூடம் போகாத சந்தேகம் யாருக்கும் நியாயம் வாங்கித் தராது. புருசெல்லா, கிளமிடியா போன்ற பாக்டீரியாக்களும் குட்டி வீச வைக்கும். ஒட்டுண்ணிகளும் வைக்கும். அவற்றில் முதன்மையானது டாக்சோபிளாஸ்மா கோண்டி.

1908இல் கண்டறியப்பட்ட இந்த ஒட்டுண்ணி ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்குகிறது என்பது 1950களில் நியூசிலாந்தில் தெரிந்தது. அதைப் பரப்புவது பூனை என்பது 1970 வாக்கில் உறுதியானது. தொற்றிய பூனையின் மலத்தில் ஓரிரு வாரங்களுக்கு ஒட்டுண்ணியின் லட்சக்கணக்கான நுண்கூடுகள் வெளியேறும். ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் கலந்து சினை ஆட்டுக்குள் போகும். சினையின் தொடக்கத்தில் தொற்றினால் கரு கரைந்துவிடும். சினை பிடிக்கவில்லை என்றே நினைப்போம். நடுவில் தொற்றினால் குட்டி வீசும்.

இதை உறுதிசெய்யும் தடயம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அதன் சிவந்த மொட்டுகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வெண்புள்ளிகள் தெரியும். இடையிலுள்ள சவ்வு சாதாரணமாகவே இருக்கும். கிளமிடியா தாக்கினால் அந்தச் சவ்வு தடிக்கும். நஞ்சுக்கொடியிலும் குட்டியின் மூளையிலும் ஒட்டுண்ணியின் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனை காட்டிவிடும்.

தாய் ஆட்டின் ரத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. அதிலுள்ள எதிர்ப்புப் புரதம் என்றோ வந்துபோன தொற்றின் மிச்சமாக இருக்கலாம். ஆடுகளில் அந்தப் புரதம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. சீம்பால் வழியாகத்தான் குட்டிக்குச் சேரும். ஆகவே செத்துப் பிறந்த குட்டியின் நெஞ்சறை நீரில் அது இருந்தால், குட்டிக்குக் கருவிலேயே தொற்றியது நிச்சயம்.

நாய் வழியாகப் பரவி, இதேபோல் குட்டி வீச வைக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியும் உண்டு. வீசிய குட்டியை நாய்க்குப் போடும் பழக்கம் அதற்கு வழி திறக்கிறது.

குட்டி வீசினால் செய்ய வேண்டியது இதுதான். கையுறை அணிந்து குட்டியையும் மொட்டுகளோடு நஞ்சுக்கொடியையும் தனித்தனிப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். திசு ஆய்வுக்கு ஃபார்மலினில் போட வேண்டிய துண்டுகளைக் கால்நடை மருத்துவர் எடுத்துக்கொள்வார். டாக்சோபிளாஸ்மாவும் புருசெல்லாவும் மனிதரையும் தாக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அருகே வரவே கூடாது. எஞ்சியதைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். தீவனத்தைப் பூனை அண்டாமல் மூடி வையுங்கள்.

கால்நடை அவசர ஊர்திக்கு 1962ஐ அழைக்கலாம். மாதிரியைக் கொண்டுபோகவும் தூரத் தடையில்லை: கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் மாதவரமும் கும்மிடிப்பூண்டியும் ஒரே ஜி.என்.டி. சாலையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒரு ஐஸ் பெட்டியும், மாதிரியை அன்றே கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். கால்நடைத் துறை இதை இந்தச் சினைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.