மேகத்தைத் தட்டிப் பார்க்கும் கருவி

போன தை மாதக் கடைசியில் எங்கள் ஊரில் நடந்த சங்கதி இது. பெரியப்பா வீட்டுக் களத்தில் கிச்சிலிச் சம்பா விதைநெல் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. தம்பி மகன் செல்போனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"பெரிய தாத்தா, வேளாங்கண்ணிப் பக்கம் கடல்லேருந்து செவப்பா ஒண்ணு வருது. ஒரு மணி நேரத்துல இங்க வந்துரும் போலிருக்கு. நெல்லை அள்ளிடலாம்."

"போடா, இந்த வெயில்ல மழையாவது ஒண்ணாவது!"

பாதி மனதோடு அள்ள ஆரம்பித்தோம். பாதி நெல் உள்ளே போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பாதியைப் பிறகு எவ்வளவு உலர்த்தியும் விதைக்கு ஆகவில்லை, சாப்பாட்டுக்குத்தான் போனது. விதைநெல் போனால் நமக்கு அது ஒரு வருசப் போக்கு. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிற விதை அல்லவே அது!

அன்றைக்கு அந்தப் பையன் பார்த்தது ஜோசியம் இல்லை, ரேடார் படம். "அதெல்லாம் விமானத்துக்கும் ராணுவத்துக்கும்தானே?" என்று பெரியப்பா கேட்டார். நம்மில் பலருக்கும் அந்த நினைப்புத்தான் இருக்கிறது. அதனால் ரேடார் எப்படி வேலை செய்கிறது, நமக்கு எந்த அளவுக்கு உதவும், எங்கே ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கிணற்றில் கூப்பிட்ட குரல்

ஆழமான கிணற்றில் எட்டிப் பார்த்து "ஓய்" என்று கத்தினால் குரல் திரும்பி வருகிறது. ஆழம் கூடக்கூட எதிரொலி தாமதமாக வரும். ரேடாரும் இதையேதான் செய்கிறது. குரலுக்குப் பதில் வானொலி அலையை அனுப்புகிறது. அது எதன்மீதாவது பட்டுத் திரும்பும்போது, போய்வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. எந்தத் திசையில் அனுப்பினோமோ அந்தத் திசையில் பொருள் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 150 கி.மீ. தள்ளி இருக்கும் மேகத்தில் பட்டுத் திரும்பி வர, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

1904-லேயே கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியர், பனிமூட்டத்தில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க இப்படி ஒரு கருவி செய்தார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1935-ல் இங்கிலாந்தில் ராபர்ட் வாட்சன்-வாட் என்பவர், பறக்கும் விமானத்தை வானொலி அலையால் கண்டுபிடிக்கலாம் என்று செய்து காட்டினார். இதில் நமக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அவர் அடிப்படையில் வானிலைத் துறைக்காரர். மின்னல் வெளியிடும் வானொலி அலையை வைத்து இடிமழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய பழைய வேலை.

இரண்டாம் உலகப்போரில் ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு தொந்தரவு இருந்தது. விமானத்தைத் தேடினால் திரை முழுக்க மழை தெரிந்தது! சண்டைக்காரருக்குத் தொந்தரவாக இருந்த அதே மழைதான், போர் முடிந்ததும் வானிலை ரேடாராக நமக்கு உதவ வந்தது.

ரேடாருக்காக உருவான மேக்னட்ரான் என்ற உறுப்புதான் இன்று மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கிறது. சாலையில் வண்டி வேகம் பார்க்கும் துப்பாக்கி, ஆள் வந்தால் தானாகத் திறக்கும் சில கடைக் கதவுகள், முன்னால் போகும் வண்டியைக் கவனித்துப் பிரேக் போடும் புதிய கார்கள் எல்லாமே ரேடாரின் பிள்ளைகள்தான். தேனீயின் முதுகில் மிகச் சின்ன உணர்கொம்பை ஒட்டி, அது போகும் பாதையை ரேடாரில் பார்த்தவர்களும் இங்கிலாந்தில் உண்டு. தேனீ ஆடும் ஆட்டம் மற்ற தேனீக்களுக்கு வழி சொல்கிறது என்று கார்ல் வான் ஃபிரிஷ் சொன்னதை 2005-ல் அப்படித்தான் உறுதிசெய்தார்கள்.

டாப்ளர் என்றால் என்ன?

வானிலைச் செய்தியில் 'டாப்ளர் ரேடார்' என்று சொல்வார்கள். ரோட்டோரம் நிற்கிறோம், பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடக்கிறது. நெருங்கும்போது கீச்சென்று கேட்ட சத்தம், தாண்டியதும் கட்டையாகிவிடும். 1842-ல் டாப்ளர் என்ற அறிஞர் விளக்கியது இதைத்தான். திரும்பி வரும் அலையில் இந்த மாற்றத்தைப் பார்த்து, மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, என்ன வேகம் என்று கண்டுபிடிக்கிறார்கள். துளியைத் தள்ளுவது காற்று. ஆகவே, மேகத்துக்குள் அடிக்கும் காற்றின் வேகமும் தெரிந்துவிடுகிறது.

புயலில் இது ரொம்ப முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அதன் கண் எங்கே இருக்கிறது என்பதைக் காரைக்கால் ரேடாரில் பார்க்க முடிந்தது. தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், மனிதர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அந்தத் தகவல் உதவியது.

சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் ஒன்று, பள்ளிக்கரணையில் ஒன்று, காரைக்காலில் ஒன்று, நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்று, மேற்கே கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் என்று ரேடார்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் இவற்றின் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும்.

படத்தை எப்படிப் படிப்பது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். பல படங்களில் உலகப் பொது நேரம்தான் போட்டிருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம்ம நேரம். காலை 9 என்று இருந்தால் அது பிற்பகல் 2.30. இதைக் கவனிக்காமல் 'பழைய படம்' என்று மூடிவிடுபவர்கள் உண்டு.

அடுத்தது நிறம். 'டிபிஇசட்' என்ற அளவில் எண்கள் இருக்கும். 20-ஐ ஒட்டி இருந்தால் தூறல். 30 முதல் 40 வரை நல்ல மழை. 50-ஐத் தாண்டினால் கொட்டும் மழை. 55-க்கு மேல் போனால் ஆலங்கட்டியும் இருக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம்: ரேடாருக்குப் பெரிய துளிதான் பளிச்சென்று தெரியும். 3 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளி, 1 மி.மீ. துளிகள் 729 சேர்ந்து தரும் அளவுக்கு எதிரொலி தரும். அதனால்தான் கோடை இடிமழை செக்கச் செவேலென்று தெரிகிறது. நாள் முழுக்கப் பெய்யும் ஐப்பசி அடைமழை பச்சையாகவும் மஞ்சளாகவும் அடக்கமாகத் தெரிகிறது. நிறத்தை மட்டும் பார்த்து 'பெரிய மழை இல்லை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மூன்றாவது நகர்வு. அரைமணி இடைவெளியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேகக்கூட்டம் 15 கி.மீ. நகர்ந்திருந்தால் மணிக்கு 30 கி.மீ. வேகம். நம்ம ஊருக்கு இன்னும் 45 கி.மீ. இருந்தால் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. களத்து நெல்லை அள்ள, பிடுங்கிய கடலையைக் குவித்து மூட, மாட்டைக் கொட்டகையில் கட்ட இது போதும். பஞ்சகவ்யமோ இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசலோ தெளிக்க நினைத்திருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். இலையில் பட்டது ஒட்டுவதற்குள் கழுவிக்கொண்டு போய்விடுமே.

பொதுவாக வடகிழக்குப் பருவத்தில் மேகங்கள் வங்கக்கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும். தென்மேற்குப் பருவ மாதங்களில் வடமாவட்டங்களில் சாயங்கால இடிமழை உள்நாட்டில் உருவாகிக் கிழக்கே கடல் பக்கம் போவது வழக்கம்.

ரேடார் ஏமாற்றும் இடங்கள்

ரேடார் அலை ஏறக்குறைய நேராகப் போகும், பூமியோ உருண்டை. ஆகவே தூரம் போகப்போக அலை தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். தாழ்வான கோணத்தில் அனுப்பினாலும், காரைக்காலிலிருந்து 75 கி.மீ. தொலைவில் இருக்கும் தஞ்சாவூரில் அது சுமார் 1 கி.மீ. உயரத்தில் இருக்கும். 200 கி.மீ. தாண்டினால் 4 கி.மீ. உயரம். அதற்குக் கீழே பெய்யும் மழை ரேடாருக்குத் தெரியாது. கோவை காரைக்காலிலிருந்து 300 கி.மீ.க்கு மேல். கொச்சி கிட்டத்தில் இருந்தாலும் நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை மறிக்கிறது. 'எங்க ஊரு மழை படத்துலயே தெரியலையே' என்று மேற்கு மாவட்டத்து நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரேடார் வலை எங்கெங்கே விடுபட்டிருக்கிறது என்று பார்த்து அங்கே நிறுவச் சொல்லிக் கேட்பது உழவர்களின் உரிமை.

இன்னொன்று, மேலே துளி தெரிந்தும் கீழே வருவதற்குள் வறண்ட காற்றில் ஆவியாகிவிடலாம். படத்தில் மழை, வயலில் புழுதி! மேகம் பாதி வழியிலேயே கரைந்துபோகும். புதிதாக ஒன்று தலைக்கு மேலேயே முளைக்கவும் செய்யும். எனவே ரேடார் படம் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும்தான். நாளைக்கு விதைக்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்கு ஐந்து நாள் முன்னறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். 'மேகதூத்' செயலியில் செவ்வாய், வெள்ளி தோறும் மாவட்ட வாரியாக வேளாண் ஆலோசனையோடு தருகிறார்கள். அதில் ரசாயன மருந்து சொல்லியிருந்தால் அதை விட்டுவிட்டு மழைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. அது ரேடார் இல்லை. மின்னல் வெளியிடும் வானொலி அலையைப் பல இடங்களில் உள்ள உணர்கருவிகள் பிடித்து இடத்தைச் சொல்கின்றன. வாட்சன்-வாட் அன்று செய்த அதே வேலை! திறந்த வயலில் வேலை செய்யும் பெண்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் இது உயிர் காக்கிற விஷயம்.

வானத்திலிருந்து நம் வயலைப் பார்க்கும் ரேடார்

செயற்கைக்கோளில் வைத்த ரேடாரும் உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-1 2014-லிருந்து சுற்றுகிறது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது; 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் திரும்ப வரும். சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் மறைக்கும். சம்பா காலத்தில் நம் வானம் பெரும்பாலும் மூடித்தானே கிடக்கிறது! ரேடாருக்கு மேகமும் இருட்டும் தடை இல்லை.

தண்ணீர் கட்டி நடவு போட்ட வயல் கண்ணாடி மாதிரி. பட்ட அலை வேறு பக்கம் எகிறிப் போய்விடும்; படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர்கட்டி உயரஉயர அலை சிதறித் திரும்பும், கறுப்பு வெளுக்கும். கறுத்து, பிறகு வெளுத்தால் அது நெல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த முறையில் நெல் பரப்பைக் கணக்கிடுகிறது. பயிர்க் காப்பீட்டிலும் இந்தக் கணக்கு நுழைந்துவிட்டது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். புழுதி விதைப்பு வயலில் ஆரம்பத்தில் தண்ணீர் நிற்பதில்லை. அந்தக் கறுப்பு அடையாளம் கிடைக்காது. மாப்பிள்ளைச் சம்பா போன்ற நீண்ட வயதுப் பயிரின் நாள் கணக்கும் பக்கத்து வயலின் ரகத்தோடு ஒத்துப்போகாது. நேரில் வந்து பார்த்துச் சரிசெய்யாவிட்டால் கணக்கு தவறலாம். எனவே, விதைத்த நாள், ரகம், முறை மூன்றையும் எழுதி வையுங்கள். தேதி தெரியும்படி வயலைப் படமெடுத்து வையுங்கள். அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு யாராவது 'செயற்கைக்கோள் இப்படிச் சொல்கிறது' என்றால், 'வயல் இப்படிச் சொல்கிறது' என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரு மழைமானியும் வேண்டும்

ரேடார் சொல்வது மேலே இருக்கும் மழை. நம் மண்ணில் விழுந்தது எவ்வளவு என்று சொல்ல ஒரு மழைமானி போதும். கீழிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் அளவுகோல் விட்டுப் பார்க்கலாம். 1 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 20 மி.மீ. பெய்திருந்தால் ஏக்கருக்கு 80,000 லிட்டர் வந்திருக்கிறது. அடுத்த பாசனத்தைத் தள்ளிப் போடலாமா என்று நோட்டே சொல்லிவிடும்.

எறும்பு முட்டையோடு மேடேறுவதையும், தும்பி தாழப் பறப்பதையும் பார்த்து மழையை அறிந்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கண்ணை மூடிவிட வேண்டியதில்லை. அதோடு ரேடார் படத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.

பெரியப்பா இப்போது களத்தில் நெல் கொட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். அப்புறம் பையனைக் கூப்பிடுகிறார்: "டேய், அந்தச் செவப்பு எங்கடா இருக்கு, பாரு."