முற்றத்தைத் துறக்காத புதுமை

உணவு, உடை, உறையுள் என மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாகப் பகுத்துக் கூறுவர். பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிப் பகுதியில் வாழும் நமக்கு உடையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் உறையுளைப் பற்றிய நம் சிந்தனை, "வீட்டைக் கட்டிப்பார்" என்னும் பழமொழியோடு நின்றுவிடுகிறது. அப்பழமொழியும் செலவை நினைத்துக் கவலைப்படுகிறதே அன்றி, அமைப்பை நினைத்துக் கவலைப்படவில்லை.

வாலாஜாபாத்திலும் காஞ்சியிலும் பழைய தறி வீட்டை இடித்துப் புது வீடு கட்டுவோர் பெரும்பாலும் முதலில் கைவிடுவது திண்ணையையும் முற்றத்தையுமே. "இடம் வீணாகிறது, காலத்திற்கேற்ற வீடு வேண்டும்" என்பது அவர்கள் கூறும் காரணம். புதுமை என்றால் முற்றத்தைத் துறப்பதுதானா? இவ்வினாவிற்கு விடை தரும் வீடு ஒன்று 1960 முதல் 1962 வரையிலான ஆண்டுகளில் கொழும்பு நகரில் கட்டப்பட்டது. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

புதுமைக் கட்டடக்கலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கட்டடக்கலையில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. இரும்பும் கான்கிரீட்டும் கண்ணாடியும் மலிந்தன. வெற்று அலங்காரம் தேவையில்லை, பயனே வடிவத்தை முடிவு செய்ய வேண்டும், அறைகள் ஒன்றோடொன்று தடையின்றி இணைய வேண்டும் என்பன இப்புதிய கொள்கையின் கூறுகள். பாரிசுக்கு அருகில் 1931-இல் கட்டி முடிக்கப்பட்ட 'வில்லா சவாய்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதை வடிவமைத்தவர், பின்னர் நம் நாட்டில் சண்டிகர் நகரை அமைத்த லெ கொர்புசியே ஆவார்.

குளிர்நாட்டில் வெயிலை வரவேற்க எழுந்த வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் பெரிய கண்ணாடிச் சன்னலும் நம் போன்ற வெப்ப நாடுகளுக்கு வந்தபோது இடர் விளைந்தது. கண்ணாடி வெப்பத்தை உள்ளே சிறைப்படுத்தியது. இறவாணம் இல்லாத சுவர் மழையில் நனைந்து கறுத்தது. கொள்கையைக் கொள்வதா, தோற்றத்தைக் கொள்வதா என்னும் கேள்வி அப்போது எழுந்தது.

கொழும்பு நகரின் சிக்கல்

ஆங்கிலேயர் காலத்துக் கொழும்பில் வசதி படைத்தோர் பங்களாக்களில் வாழ்ந்தனர். பெரிய தோட்டத்தின் நடுவே வீடு. வீட்டைச் சுற்றித் தாழ்வாரம். நாற்புறமும் காற்று வரும். நகரம் வளர வளர, தோட்டங்கள் சிறு மனைகளாகப் பிரிக்கப்பட்டன. அம்மனைகளிலும் பழைய பங்களாவைச் சுருக்கிக் கட்ட முயன்றனர். விளைவு என்ன? சன்னலைத் திறந்தால் அண்டை வீட்டுச் சுவர், மூடினால் புழுக்கம். வீட்டைச் சுற்றி எஞ்சிய குறுகிய சந்துகள் எதற்கும் பயன்படவில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தவருள் ஒருவர் ஜெஃப்ரி பாவா (1919–2003). சட்டம் பயின்று வழக்கறிஞரான அவர், பின்னர் இலண்டனில் கட்டடக்கலை கற்று, 1957-இல் தம் 38-ஆம் வயதில் தகுதி பெற்றவர். டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் அக்காலத்தில் அவரோடு இணைந்து பணியாற்றினார். இவர்களுக்கு முன்பே மின்னெட் டி சில்வா என்னும் பெண் கட்டடக் கலைஞர், இலங்கையின் கைவினை மரபையும் புதிய கட்டடக்கலையையும் இணைத்துக் கண்டியில் வீடு கட்டி வழிகாட்டியிருந்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

உள்நோக்கித் திரும்பிய வீடு

பாவாவிடம் வீடு கேட்டு வந்தவர் ஈனா டி சில்வா. அவர் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் கலையில் பின்னாளில் புகழ்பெற்றவர். அவருடைய கணவர் ஆஸ்மண்ட் டி சில்வா 1955 முதல் 1959 வரை இலங்கைக் காவல்துறைத் தலைவராக இருந்தவர். மனை கொள்ளுப்பிட்டியில் ஆல்பிரட் பிளேஸ் என்னும் தெருவில் இருந்தது. அதன் பரப்பு சுமார் 750 சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று கிரவுண்டுக்குச் சற்று மேல். வீட்டில் பழைய கண்டி மனைகளின் இயல்பும் வேண்டும், திறந்த புதிய வாழ்க்கைக்கு ஏற்ற இடமும் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம்.

பாவா என்ன செய்தார்? பங்களாவை அப்படியே திருப்பிப் போட்டார். தோட்டம் வெளியே, வீடு நடுவே என்ற முறையை மாற்றி, மனையின் ஓரத்தில் மதிலை எழுப்பி, தோட்டத்தை வீட்டின் நடுவே கொண்டுவந்தார். பெரிய நடுமுற்றம் ஒன்று. அதைச் சூழ்ந்து சிறு முற்றங்கள். அவற்றின் இடையே தாழ்வாரங்களும் அறைகளும். சிங்களத்தில் நடுமுற்றத்தை 'மெத மிதுல' என்பர். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு மதிலும் ஓட்டுக் கூரையுமே தெரியும். உள்ளே நுழைந்தால் வானமும் மரமும் தெரியும்.

இதன் பயனை எளிதில் விளக்கலாம். இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்குகிறது. பகலில் வெப்பமுற்ற காற்று மேலெழுந்து வெளியேற, தாழ்வார நிழலிலுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்தை நோக்கி நகர்கிறது. நீண்டு தாழ்ந்த இறவாணம் வெயிலையும் சாரலையும் தடுக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் முற்றத்திலிருந்தே வெளிச்சம் வருவதால் அண்டை வீட்டாரை நோக்கிச் சன்னல் வைக்க வேண்டியதில்லை.

அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டால் இலங்கையில் இரும்பும் கண்ணாடியும் எளிதில் கிடைக்கவில்லை. எனவே ஓடு, மரம், கருங்கல், சுண்ணம் பூசிய சுவர் ஆகிய உள்ளூர்ப் பொருள்களே கைகொடுத்தன. பொருள்கள் பழையன. ஆயினும் அறைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தடையின்றிச் செல்லும் அமைப்பு முற்றிலும் புதியது. நம் நெசவாளர் மொழியில் கூறினால் இது ஒரு கோர்வை வேலை. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். ஆயினும் இழைகள் பின்னிப் பிணைவதால் கிழித்தாலன்றிப் பிரியா. அவ்வாறே இவ்வீட்டில் பழமையும் புதுமையும் பிணைந்தன.

வீடே பட்டறை

அவ்வீட்டின் முற்றம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. ஈனா அம்மையார் தம் மகனோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் பாத்திக் தொழிலைத் தொடங்கி வளர்த்தது அவ்வீட்டில்தான். 1969-இல் திறக்கப்பட்ட பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் பாத்திக் மேற்கூரை அவரது கைவண்ணமே. இல்லமும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருப்பது நமக்குப் புதிதா? காஞ்சி நெசவாளர் வீட்டில் தறிக்குழி இருப்பதும் கூடத்தில்தான். நூலின் நிறம் பிரித்தறியப் பகல் வெளிச்சம் தருவதும் முற்றந்தான்.

இடம்பெயர்ந்த வீடு

பின்னாளில் கொழும்பு நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. முதுமையெய்திய ஈனா அம்மையார் தம் சொந்த ஊரான அளுவிகாரையில் வாழ்ந்துவந்தார். 2009-ஆம் ஆண்டளவில் மனை கைமாறியபோது, வீடு இடிபடும் நிலை வந்தது. பாவாவின் அறக்கட்டளையினர் முன்வந்து, தொல்லியலார் செய்வதுபோல வீட்டை அளந்து வரைந்து, ஓடும் தூணும் கதவும் கல்லுமாக எண்ணிட்டுப் பிரித்தெடுத்தனர். பெந்தோட்டைக்கு அருகில், பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் அது மீண்டும் கட்டப்பட்டு 2016-இல் நிறைவுற்றது. ஈனா அம்மையார் அதற்கு முந்தைய ஆண்டு, 2015-இல் மறைந்தார்.

வீடு பிழைத்தது, மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும் ஒரு குறை உண்டு. நெருக்கடியான நகரத் தெருவில் எப்படி வாழ்வது என்னும் கேள்விக்கு விடையாகக் கட்டப்பட்ட வீடு அது. இன்று விடை மட்டும் பரந்த தோட்டத்தில் நிற்கிறது. கேள்வியோ கொழும்புத் தெருவிலேயே தங்கிவிட்டது. நம் ஊர்த் தெருக்களிலும் அதே கேள்விதான் நிற்கிறது.

நமக்குரிய பாடம்

பழைய வீடுகள் யாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் வாதமன்று. ஒழுகும் ஓடும், இருண்ட அறையும், கழிப்பறை இல்லாத கொல்லையும் எவருக்கும் பெருமையல்ல. மூன்று கிரவுண்டு மனை நெசவாளர் எவருக்கும் எளிதில் வாய்ப்பதுமன்று. ஆனால் பத்தடிக்குப் பத்தடி வானத்திற்குத் திறந்து வைத்தாலும் காற்றும் வெளிச்சமும் வீட்டினுள் வரும். அதை மூடிக் கான்கிரீட் போட்டுவிட்டுப் பகலில் விளக்கும் இரவில் மின்விசிறியும் இன்றி வாழ முடியாமற் போவது முன்னேற்றமாகுமா?

பாவா பழைய வீட்டைப் பார்த்துப் படியெடுக்கவில்லை. அதன் காரணத்தைக் கண்டறிந்து, தம் காலத்துத் தேவைக்கு அதைப் பயன்படுத்தினார். நாளை வீடு கட்டப்போகும் மாணவ நண்பர்களே, கொத்தனாரிடம் வரைபடம் கேட்பதற்கு முன், உங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் ஒரு நண்பகல் நேரம் அமர்ந்து பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். அந்த வீடு இடிபடுவதற்கு முன் ஒரு தாளில் அதன் அளவையேனும் குறித்து வையுங்கள்.