திலாவா: கரையேறிய வெள்ளியும் கடலில் கரைந்த 280 உயிர்களும்
புதுதில்லி: இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பெருங்கடலில் மூழ்கடிக்கப்பட்ட "திலாவா" கப்பலின் வெள்ளிக் கட்டிகள் தொடர்பான வழக்கு, லண்டனில் கீழமை நீதிமன்றம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை நடைபெற்றது. அக்கப்பலில் மாண்ட 280 பேரைப் பற்றியோ இந்தியாவில் அதிகம் பேசப்படவில்லை.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமான திலாவா, 1942 நவம்பர் 20-ல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக 958 பேர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைப்பைத் தேடிக்கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

நவம்பர் 23 அதிகாலை, சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஐ-29 ஏவிய குண்டு திலாவாவைத் தாக்கியது. பலர் உயிர் காக்கும் படகுகளில் இறங்கினர். கப்பல் உடனே மூழ்கவில்லை. தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் சிலர் மீண்டும் கப்பலில் ஏறினர். அப்போதுதான் இரண்டாவது குண்டு பாய்ந்தது. படகுகளிலும் தெப்பங்களிலும் இரண்டு நாள் தத்தளித்தவர்களை, 25-ஆம் தேதி பிரிட்டிஷ் போர்க் கப்பல் "பர்மிங்ஹாம்" மீட்டது. "கார்த்தேஜ்" கப்பல் காப்பாற்றிய சிலரையும் சேர்த்து, உயிர் பிழைத்தோர் 678 பேர்.

ஆகஸ்ட் போராட்டத்தால் நாடு கொந்தளித்திருந்த ஆண்டு அது. காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் சிறையில் இருந்தனர். பர்மாவிலிருந்து தமிழர் உள்ளிட்ட அகதிகள் கால்நடையாகத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தனர். அத்தனை துயரங்களுக்கு இடையே இதுவும் ஒன்றாகிப்போனது.

நம் நினைவின் சங்கடமும் இதில் உண்டு. 1943 ஏப்ரலில் மடகாஸ்கருக்கு அருகே, ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு சுமத்ரா அருகேயுள்ள சபாங் தீவில் சேர்த்தது இதே ஐ-29 தான். நேதாஜியின் அந்தச் சாகசப் பயணத்தைத் தமிழகத்தில் அறியாதவர் குறைவு. ஐந்து மாதங்களுக்கு முன் அதே கப்பல் நூற்றுக்கணக்கான இந்தியரைக் கொன்றதை அறிந்தவர் எத்தனை பேர்? ஐ-29-ஐ அமெரிக்கக் கடற்படை 1944 ஜூலையில் மூழ்கடித்தது.

திலாவாவில் இருந்த 2,364 வெள்ளிக் கட்டிகள், நாணயம் அச்சிடுவதற்காக அன்றைய இந்திய அரசிடமிருந்து தென்னாப்பிரிக்கா வாங்கியவை. 2017-ல் ஆர்ஜென்டம் என்ற தனியார் நிறுவனம் சுமார் 2.5 கி.மீ. ஆழத்திலிருந்து அவற்றை எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று, மீட்புக்கு ஊதியம் கோரியது. ஓர் அரசின் சரக்கு மீது இப்படி வழக்குத் தொடர முடியுமா என்பதே கேள்வி. கீழமை நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2024 மே 8-ல் உச்ச நீதிமன்றம், தென்னாப்பிரிக்காவுக்குச் சட்ட விலக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வெளிவருவதற்கு முன்பே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டுவிட்டன என்பது வேறு கதை.

மாண்டவர்களுக்கு அப்படி வழக்காட எவரும் இல்லை. பிழைத்தவர்களும் இறந்தவர்களின் வழித்தோன்றல்களும் மும்பையில் கூடி அஞ்சலி செலுத்தியது 2022 நவம்பர் 23-ல். கப்பல் மூழ்கிச் சரியாக 80 ஆண்டுகள் கழித்து.