பன்றிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் மருந்துகள்: பயன்பாட்டை நிர்ணயிக்கும் காரணங்கள்

கால்நடைகளுக்கு அளிக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளின் அளவு, அவற்றைத் தாக்கும் நோய்களைப் பொறுத்தே அமைகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பன்றிப் பண்ணைகளைப் பொறுத்தமட்டில் இது ஓரளவே உண்மையாகும். கொட்டகையின் நெருக்கம், குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் வயது, மருந்து விற்பனையில் யாருக்கு ஆதாயம், தடுப்பூசி எளிதில் கிடைக்கிறதா என்பன போன்ற பொருளாதார, நிர்வாகக் காரணங்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு.

1940களின் இறுதியில் அமெரிக்காவில், குளோர்டெட்ராசைக்ளின் தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தின்ற கோழிக்குஞ்சுகள் விரைவாக வளர்வது கண்டறியப்பட்டது. விரைவிலேயே பன்றித் தீவனத்திலும் இத்தகைய மருந்துகளைக் கலப்பது வழக்கமாயிற்று. சிறிய அளவில் இடையறாது மருந்து கொடுத்தால், அதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. 1969இல் பிரிட்டனின் ஸ்வான் குழு இது குறித்து எச்சரித்தது. 1986இல் ஸ்வீடன், வளர்ச்சியூக்கியாக இவற்றைத் தீவனத்தில் கலப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுவதிலும் இத்தடை நடைமுறைக்கு வர 2006ஆம் ஆண்டு ஆயிற்று.

குட்டிகளும் கழிச்சலும்

பண்ணையில் மருந்து மிகுதியாகச் செலவாவது பால் மறக்கும் பருவத்தில்தான். இயற்கையில் பன்றிக்குட்டி பல வாரங்கள் பால் குடித்துப் படிப்படியாகவே திட உணவுக்கு மாறும். வணிகப் பண்ணைகளிலோ மூன்று அல்லது நான்கு வாரங்களில் அது பிரிக்கப்படுகிறது. தாய்ப்பன்றி ஆண்டுக்கு அதிக முறை ஈன வேண்டும் என்பதே நோக்கம். தாயையும் பழகிய இடத்தையும் இழந்து, வேற்றுக் குட்டிகளுடன் அடைக்கப்படும் குட்டிக்கு ஈ-கோலை கிருமியால் கழிச்சல் காண்கிறது. நோயுற்ற சில குட்டிகளைத் தேடிப் பிரிக்க ஆள் வேண்டும். ஆகவே மொத்தக் கூட்டத்துக்கும் குடிநீரிலோ தீவனத்திலோ மருந்து கலக்கப்படுகிறது. இங்கே மருந்தானது இடத்துக்கும் கூலிக்கும் காலத்துக்கும் மாற்றாக நிற்கிறது. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியால் சமுதாயத்துக்கு நேரும் இழப்போ பண்ணையாளரின் கணக்கேட்டில் ஏறுவதில்லை.

டென்மார்க் கண்ட வழி

1995இல் டென்மார்க், கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்பனையில் ஈட்டும் இலாபத்துக்கு வரம்பு விதித்தது. மருந்தைப் பரிந்துரைப்பவரே அதனை விற்று ஆதாயம் பெறும் இடத்தில் சிக்கனத்தை எதிர்பார்ப்பது பொருளாதாரம் அறிந்தோர் செய்யக்கூடியதன்று. 1999 இறுதிக்குள் வளர்ச்சியூக்கி மருந்துகள் அந்நாட்டில் முற்றிலும் கைவிடப்பட்டன. பால் மறந்த குட்டிகளிடையே கழிச்சல் கூடியது. சிகிச்சைக்கான மருந்தும் ஓரளவு உயர்ந்தது. ஆயினும் ஒட்டுமொத்தப் பயன்பாடு பெரிதும் குறைந்தது; உற்பத்திச் செலவு கூடியது ஏறத்தாழ 1 விழுக்காடே என உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு மதிப்பிட்டது. 2000 முதல் பண்ணைவாரியாக மருந்துக் கணக்கு வைக்கப்படுகிறது. 2010இல் தொடங்கிய ‘மஞ்சள் அட்டை’ முறையின்படி வரம்பை மீறும் பண்ணையாளர் எச்சரிக்கப்படுகிறார். கணக்கு முதலில் வந்தது, கண்டிப்பு பின்னர் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நமது நாட்டின் நிலை

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள் உள்ளன. அசாமில் மட்டும் 21 லட்சம். வடகிழக்கில் இவற்றில் பெரும்பாலானவை, வீட்டுப் பின்புறத்தில் இரண்டு மூன்றாக, சமையற்கழிவும் தவிடும் தின்று வளர்பவை. எனவே டென்மார்க்கின் விதிகளை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதில் பயனில்லை. இங்கே கால்நடை மருத்துவர் தொலைவில் இருக்கிறார். மருந்துக் கடை அருகில் இருக்கிறது. சீட்டின்றி வாங்கிய மருந்தை, பன்றி சற்றுத் தேறியதும் இடையில் நிறுத்திவிடுவது ஏழைக் குடும்பத்தின் சிக்கனமாகிறது.

பன்றிகளைக் கொல்லும் பன்றிக் காய்ச்சல் வைரஸால் வருவது. (மனிதரைத் தாக்கிய 2009ஆம் ஆண்டுக் காய்ச்சல் வேறு.) இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, எனினும் காய்ச்சல் கண்ட பன்றிக்கு ஊசி போடாமல் எவரும் வாளாவிருப்பதில்லை. தடுப்பூசியே தீர்வு. ஆனால் முயல்களைக் கொன்று தயாரிக்கப்பட்ட பழைய தடுப்பூசி, ஆண்டுக்கு 2.2 கோடி தேவைப்பட்ட இடத்தில் சுமார் 12 லட்சமே கிடைத்தது. 2020இல் இந்தியக் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தின் திசு வளர்ப்புத் தடுப்பூசி வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தோன்றியது. அதற்குச் சிகிச்சையே இல்லை.

இதனிடையே 2015இல் சீனாவில், கோலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்று பன்றியிலிருந்து எடுத்த ஈ-கோலையில் கண்டறியப்பட்டது. அது ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பிற மருந்துகள் பலனளிக்காதபோது கொடுக்கப்படுவது கோலிஸ்டின். உணவுக்கான கால்நடைகளுக்கு அதனைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. ஒரு மருந்தைத் தடுத்தால் கடைக்காரர் வேறொன்றை எடுத்துத் தருவார். தடுப்பூசிகள் குளிர்நிலை குலையாமல் மலைக்கிராமங்களைச் சென்றடைவதும், வட்டார அளவில் விற்பனைக் கணக்கு தொடங்குவதும் மாவட்டக் கால்நடைத் துறை அலுவலர்களின் கையில் உள்ளன.