கடமானும் ஈயக் குண்டும்

நீலகிரியின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் வெள்ளைக்காரத் துரைமார் துப்பாக்கியும் கையுமாகத் திரிந்த அக்காலத்தில், எந்த மிருகத்துக்கு எந்தக் குண்டு என்னும் விசாரம், இன்று நமக்குக் குரூரமாகத் தோன்றினும், பிராணியின் வேதனையைக் குறைக்கும் சாஸ்திரமாகவும் இருந்தது. எழுபது எண்பது கிலோ எடையுள்ள புள்ளிமானுக்குப் போதுமான இலேசான, அதிவேகக் குண்டு, இருநூறு கிலோவையும் கடந்து வளரும் ஆண் கடமானின் தோள் எலும்பில் பட்டால் மேலோடு சிதறிவிடக்கூடும். முழுவதும் உலோகக் கவசமிட்ட ராணுவக் குண்டோ உருமாறாமல் ஊடுருவி மறுபுறம் போய்விட, காயமுற்ற மிருகம் சோலைக்குள் ஓடி மறைந்து மெல்ல மடியும். ஆதலால், முனையில் ஈயம் வெளித்தெரிய, பட்டவுடன் காளானைப்போல் விரிந்து, தன் சக்தியை உடலுக்குள்ளேயே செலவிடும் கனத்த குண்டே கடமானுக்கு உகந்ததென அனுபவஸ்தர்கள் கொண்டனர். 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் யுத்தத்தில் விலக்கியது இத்தகைய விரியும் குண்டுகளையே என்பது விசித்திரம்தான்.



ஆனால் மான்களைக் காத்தது குண்டின் தேர்வன்று, சட்டமே. 1877-இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடர்ந்து 1879-இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவுகட்டின. வேட்டை தொடரும் அமெரிக்காவிலோ, சுடப்பட்ட மானின் மிச்சத்தைத் தின்ற காண்டார் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தமையால், கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை அறவே விலக்கிவிட, வேட்டைக்காரர்கள் தாமிரக் குண்டுகளை நாடலாயினர்.